உள்ளே வராத அன்ரி

"தவமலருக்கு எங்கட சமையலறை தீட்டு" என்றார் சபாரத்தினம் அங்கிள், கோயில் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அங்கிளின் குரலில் நான் பேசிக் காட்டினால் அவருடைய மனைவியே "இந்தா வாறன்" என்று எழும்பி வருவா. அதனால் அவர் சொன்னதை ஒரு எழுத்தும் குறைக்காமல் தருகிறேன்.

"உள்ளுக்கு ஹீட்டர் இருக்கு. கதிரை இருக்கு. கேட்டால் தேத்தண்ணி வரும். உவ மட்டும் பக்கத்து மரக்கறிக்கடைப் பின்வளவில, குளிருக்குள்ள குந்தியிருந்து அன்னதான மரக்கறி வெட்டுறா. ஏன்? உள்ளுக்குச் சட்டி கழுவுறது ஆர்?"

ஆர் என்று எல்லோருக்கும் தெரியும். செபமாலைமுத்து அங்கிள். வேதக்காரர். ஞாயிறு தேவாலயம், வெள்ளி மனைவியோடு எங்கள் கோயில். அன்னதான அண்டாக்களை அவரைப் போல் மினுக்க லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஆளில்லை.

"விடுங்கோ அண்ணை. அவவுக்கு எது வசதியோ" என்று சொல்லிவிட்டு அண்டாவுக்குள் தலையை விட்டார். தலை வெளியே வர நேரமெடுத்தது.

"எப்பிடி விடுறது? உம்மட மகன் மரக்கறித் தோல் அள்ள வரத் தொடங்கின வெள்ளிக்கிழமைதானே உவ வெளியில போனவ? தகப்பனையும் மகனையும் சேர்த்துப் பார்க்க அவவுக்குப் பொறுக்கேல்லை."

மகன் என்றால் றஜீவ் அண்ணா. கென்ரில் மான் பண்ணை வைத்திருக்கிறார். போன கோடையில் மழையே இல்லை. புல் கருகிப் போனது, தீன் விலை ஏறிப் போனது. இந்த மாரியில் ஏதாவது போட்டு மான்களைக் காப்பாற்றினால் பண்ணை தப்பும். இல்லாவிட்டால் மந்தையோடு விற்கவேண்டும். அதனால்தான் வெள்ளிதோறும் வான் கொண்டு வந்து, அன்னதானத்துக்கு வெட்டிய பூக்கோவா இலை, பீட்ரூட் தழை, பூசணித் தோல் எல்லாம் ஏற்றிப் போவார்.

"கோயில் தோல் திண்டு வளர்ற மான். போன பிறப்பில நிர்வாகசபையில இருந்திருக்கும்" என்பார் சபாரத்தினம் அங்கிள். நத்தார்ப் பண்டிகைக்கு அந்த மான் இறைச்சிக்கு முதல் ஓடர் கொடுத்தவரும் அவர்தான். நத்தார் வெள்ளிக்கிழமை இல்லையாம், மச்சம் தின்னலாமாம்.

தவமலர் அன்ரியிடம் நானும் கேட்டுப் பார்த்தேன்.

"அன்ரி, உள்ள வாங்கோவன்."

"உள்ள எனக்கு வேர்க்குது பிள்ளை" என்றா. பல் கிடுகிடுத்தது. கையில் விரல் வெட்டின கையுறை, தலையில் புருஷனின் குரங்குத் தொப்பி.

அன்று பகல்தான் லக்ஷ்மிப்ரியா வந்தார். பண்ணை மிருகங்களின் தீனைச் சோதிக்கிற அதிகாரி. ஊர் மதுரைப் பக்கம். பின்னாலேயே றஜீவ் அண்ணா, முகத்தில் இரத்தமில்லாமல்.

"கடைக்குப் பின்னாடி பாத்துட்டேன், அந்தம்மாவையும் விசாரிச்சுட்டேன்" என்றார் அதிகாரி. "ஆனா பண்ணைக்காரங்களுக்கு வேண்டியவரா இல்லாத ஒருத்தர் வந்து சொன்னா நல்லாருக்கும். மானுக்குப் போற காய்கறியெல்லாம் எங்க வச்சு வெட்டுறீங்க?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனையோ வெள்ளியாகக் காத்திருந்தவர் முன்னுக்கு வந்தார்.

"எழுதுங்கோ தங்கச்சி. நான் நிர்வாகசபைத் தலைவர் சபாரத்தினம். எங்கட சமையலறைக்குள்ள ஒரு வெண்டிக்காய்க் காம்புகூட வெட்டினதில்லை. எல்லாம் வெளியில."

"ஒரு நாள்கூட உள்ள வரலையா?"

"ஒரு நாள்கூட. மழைக்குள்ள குடையைக் கட்டிப்போட்டு வெட்டினவ. பனி கொட்டேக்கையும் வெட்டினவ. நான் வாசலில நிண்டு கூப்பிட்டனான். கால் வைக்கேல்லை. அவ்வளவு திமிர்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். நீங்கதான் சாட்சி."

"கற்பூரம் கொளுத்துங்கோ, அடிச்சுச் சத்தியம் பண்ணுறன்."

செபமாலைமுத்து அங்கிள் சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லக்ஷ்மிப்ரியா பேனையை மூடினார். "ரொம்ப நன்றி சார். இது போதும். சமையலறைக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்த காய்கறியைப் பண்ணை மிருகத்துக்குப் போடக் கூடாது. வெறும் இலையா இருந்தாலும் சட்டம் விடாது. இங்க உள்ள வச்சு வெட்டியிருந்தா இன்னைக்கே நிறுத்தியிருப்பேன். இனி பயமில்லாம அனுப்புங்க."

சபாரத்தினம் அங்கிளின் வாய் திறந்தபடியே நின்றது. அவருடைய எல்லாச் சத்தமும் எனக்கு வரும். அந்த மௌனம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

றஜீவ் அண்ணா ஓடிப்போய் வான் ஹோனை விடாமல் அமத்தி அடித்தார். மண்டபமே வெளியே வந்துவிட்டது.

செபமாலைமுத்து அங்கிள் மகனைப் பிடித்து நிறுத்தினார். "உனக்குத் தெரியுமோடா?"

"தெரியும் அப்பா. உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவ."

செபமாலைமுத்து அங்கிள் ஈரக் கையோடு பின்வளவுக்குப் போனார். அன்ரி பூக்கோவா இலையை முறித்துக்கொண்டிருந்தா.

"ஊரெல்லாம் உங்களை என்னவெல்லாம் சொன்னது. எனக்கு மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

அன்ரி குரங்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டா.

"சொன்னால் விடுவியளே அண்ணை? கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் ஹீட்டருக்குப் பக்கத்தில இருத்தியிருப்பியள். எனக்குக் குளிர் விட்டிருக்கும். உங்கட பிள்ளைக்குப் பண்ணை போயிருக்கும்."