இறுக்காத வளையம்

"நாலு வாரத்துல இது நாலாவது தடவை மேடம். இதுக்குப் பேரு தொழிலா?"

அழகு நிலையத்தின் மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார் அந்தக் கணவர். உள்ளே ஏழெட்டு ஒட்டுமுடிக் கற்றைகள். எல்லாம் தானாக உதிர்ந்தவை.

முதலாளியம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"மன்னிச்சிருங்க சார். இன்னைக்கே சரி பண்ணித் தர்றோம்."

"அவளுக்கு முடி கொட்டுது, பாவம். வெளிய தலைகாட்டவே கூச்சப்படறா. அதான் வேலையை விட்டுட்டு நானே கூட்டிட்டு அலையறேன்."

பக்கத்தில் நின்ற மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் தரையைப் பார்த்தபடியே உள்ளறைக்குப் போனாள். அங்கே ஆண்களுக்கு அனுமதி இல்லை. அவர் வழக்கம்போல் வாசல் சோபாவில் உட்கார்ந்தார்.

முதலாளியம்மா ஒரு கற்றையை எடுத்துப் பார்த்தாள்.

சொந்த முடியில் சின்னக் கொத்தைப் பிரித்து, பாசிமணி அளவுள்ள செம்பு வளையத்துக்குள் இழுத்து, ஒட்டுமுடியின் நுனியையும் அதிலேயே செருகி, இடுக்கியால் ஒரே அழுத்து. வளையம் தட்டையாகிவிட்டால் ரெண்டு மாசத்துக்கு அசையாது. கழற்றும்போது பக்கவாட்டில் அழுத்தினால் வாய் திறந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இந்த வளையம் தட்டையாகவே இல்லை. உருண்டையாக இருந்தது.

முடி வைத்தவள் பன்னிரண்டு வருஷமாக இங்கே இருப்பவள். கைப்பிடியின் உறுதியைப் பார்த்து எல்லோரும் அவளை 'இடுக்கி' என்றே கூப்பிடுவார்கள். அவள் கை தவறுமா? வேண்டுமென்றே செய்திருக்கிறாள். வாரா வாரம் வரவழைத்துக் காசு கறக்கப் பார்க்கிறாள்!

முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் முதலாளியம்மா. அதற்கு மேல் பொறுக்கவில்லை. இன்றோடு சீட்டைக் கிழித்துவிடுவது என்ற முடிவோடு உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் கழற்றிப் போட்ட முடி நீள நீளமாகத் தொங்கியது. கிண்ணம் நிறைய செம்பு வளையங்கள். இடுக்கி பின்கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கே அந்தப் பொண்ணு?"

"போயிருச்சும்மா."

"போயிருச்சா? நீ வேணும்னே தொளதொளன்னு வச்சியே, அது எதுக்கு? முதல்ல அதைச் சொல்லு!"

"இறுக்கி வச்சா ரெண்டு மாசம் கழிச்சுத்தானே கூட்டிட்டு வருவாரு? அதுவரைக்கும் அது உயிரோட இருக்குமான்னு எனக்குத் தெரியலம்மா."

முதலாளியம்மா நாற்காலியில் தொங்கிய முடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொட்டின முடி இல்லம்மா அது. பிடுங்கின முடி. பின்மண்டையில உள்ளங்கை அகலத்துக்கு வேரோட போயிருக்கு. காதுக்குப் பின்னால சிகரெட் சூடு. சொந்தக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் நீளமா வைக்கச் சொல்லியிருக்காரு."

"போலீசுக்குப் போகலாமே?"

"போச்சாம். சமாதானம் பேசி அவர்கூடவே அனுப்பி வச்சாங்களாம்."

இடுக்கி வளையக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"முதல் வாரம் வெறும் அழுகைதான். அப்புறம் என் போன்ல அதோட அக்காகிட்ட பேசுச்சு. அதுக்குன்னு ஒரு போன் கிடையாது. போன வாரம் சர்ட்டிபிகேட்டு, பாஸ்போர்ட்டெல்லாம் துணிக்குள்ள மறைச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. இன்னைக்கு அந்த அக்கா பின்சந்துக்குக் காரோட வந்தாங்க. ஊர் எல்லையைத் தாண்ட ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவரை மாதிரி தங்கமான புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு நீங்க அன்னைக்குச் சொன்னீங்களேம்மா. பயந்துட்டேன்."

கதவு தட்டப்பட்டது.

"மேடம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" கனிவான குரல்.

இடுக்கி வெளுத்துப்போய் முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

முதலாளியம்மா கதவுக்கு முதுகைக் கொடுத்து அழுத்தமாக நின்றுகொண்டாள்.

"இப்பத்தான் சார் ஆரம்பிச்சிருக்கு. இந்தத் தடவை நானே பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன். இன்னும் மூணு மணி நேரம் ஆகும், உட்காருங்க."