மூன்று உறுமல்

பங்கஜாட்சி பாயில் மல்லாந்து கிடந்தாள். பெண்களே ஆடும் கதகளிக் குழுவில் இன்று அவள்தான் ராவணன். வேஷத்துக்காகத் தாடையோரம் ஒட்டிய அரிசிமாவு காயும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெடித்து, இரண்டு மணி நேர வேலை பாழாகும். கோயில் கமிட்டிச் செயலாளர் நீலகண்ட பிள்ளை பேரம் பேசுவதற்கென்று அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்.

"ஆடு மக்ளே, வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா திரைக்குப் பின்னால ராவணன் உறுமுவாம்லா, அது பொம்பள தொண்டைக்கு ஒக்காது. நம்ம வேலப்பன் மறைஞ்சு நின்னு உறுமட்டும்."

அவள் மூன்று விரல்களைக் காட்டினாள்.

"மூணு உறுமலும் அவளுக்கே வேணுமாம் அண்ணாச்சி," என்றாள் அவள் முகத்தில் வேஷம் எழுதிக்கொண்டிருந்த சுலோசனா.

"சரி, கடைசி ஒண்ணை எடுத்துக்கட்டும்."

விரல்கள் இறங்கவில்லை.

"ரெண்டு. அதுக்கு மேல பேச்சில்ல."

அவள் கண்களை மூடினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளை போய்விட்டார். மூடிய இமைக்குள் அவளுக்குத் தலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன; பத்தும் மாவு காயக் காத்துக் கிடந்தன.

சாயங்காலம் விளக்கின் பின்னால் திரை பிடித்தார்கள். உறுமல் எழுந்தது. சுடர் படுத்து நிமிர்ந்தது.

"கேட்டீரா! இதுக்குத்தான் ஆம்பள வேணும்ங்கது," என்று பிள்ளை பக்கத்து நாற்காலிக்காரரிடம் பூரித்தார்.

மேடையின் பின்னாலிருந்து வேலப்பன் ஓடி வந்தார். "அண்ணாச்சி, நான் வாயே தொறக்கல்லியே!"

இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. திரை பிடித்த பெண்கள் விலக்க மறந்து நின்றார்கள். திரைக்குப் பின்னால் நான்காவது உறுமலுக்கு அவள் மூச்சை இழுப்பது கேட்டது.