நேர்ந்த முடி

"எட்டு வருசமா அந்தப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வெக்கறவளுக்குக் கெழங்கு தெரியாமப் போச்சாக்கும்? யாருகிட்டடா கதை உடற?"

மாமியாரின் குரல் முன்னறையிலிருந்து வந்தது.

உள்ளறையில் மருமகள் தன் மகளின் சடையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சாக்கும் பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சும்மா. வெதைக்கெழங்கை ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சவன் நான். வள்ளிக்கெழங்குன்னு எடுத்து வேக வெச்சுட்டா."

சென்னியப்பன். அவள் கணவன். டாக்டரிடமும் இதையேதான் சொன்னான். போலீஸ்காரர் எழுதிக்கொண்டபோதும் இதையேதான் சொன்னான்.

அவர்கள் காட்டில் விளைவது கண்வலிக்கிழங்கு. பூ நெருப்பு மாதிரி இருக்கும். தேள் கடிக்குக் கிழங்கை அரைத்துப் பூசுவார்கள். உள்ளே போனால் ஆள் பிழைப்பது அபூர்வம்.

"அப்ப புள்ளைக்குக் குடுத்திருப்பாளே? புள்ளை வாய்ல வெக்காம இவ என்னைக்குடா ஒரு வாய் தின்னிருக்கறா? தெரிஞ்சு தின்னதுனாலதான் குடுக்கல."





மாமியார் சொன்னது சரிதான். மகளைப் பால்வாடிக்கு அனுப்பிவிட்டு, தெரிந்தேதான் தின்றாள்.

ஏன் என்று அவர்கள் இருவருமே இன்னும் கேட்கவில்லை.

ஐந்து நாள் வாந்தி, பேதி. பிழைத்தாள். அதற்கு அடுத்த வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. இதைத் தின்று பிழைத்தவர்களுக்கு அப்படித்தான் ஆகும், பயப்படாதே என்றார் டாக்டர்.

"அம்மா, அவ பொழைச்சா அவ முடியைக் குடுக்கறேன்னு பழனிக்கு நேர்ந்திருக்கறேன். மொத்தமும் கொட்டறதுக்குள்ள கூட்டிட்டுப் போவோணும்."

"என்னத்தக் குடுப்ப? நாலு மசுரையா?"

அவள் தலையில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டாள்.

மகளின் தலையில் சீப்பை வைத்து இழுத்தாள்.

முடி சீப்போடு வந்தது.

சிக்கு என்று நினைத்தாள். மறுபடி இழுத்தாள்.

எப்போதும் வலிக்குது என்று கத்துகிற பிள்ளை, கத்தவில்லை.

கை நிறைய முடி.

"மித்ரா. கண்ணு. அம்மா வாந்தி எடுத்தன்னைக்கு, சட்டியில இருந்து எதாச்சும் தின்னியா?"

"ஒரே ஒரு துண்டும்மா. கசந்துச்சு. நீ தூங்கிட்டு இருந்த."

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம், அத்தை வீட்டில் விட்டிருந்த பிள்ளைக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. பயந்திருக்கிறாள் என்றார்கள். தண்ணீர் மந்திரித்துக் கொடுத்தார்கள்.

அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

இதை முன்னறைக்கு எடுத்துப்போய்க் காட்டினால் போதும். பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறாள், அப்படியானால் தெரியாமல்தான் தின்றிருக்கிறாள் என்று மாமியாரே சொல்லிவிடுவாள். அவன் பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவான்.

எழுந்தாள். கதவு வரை போனாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மகள் சீப்பிலிருந்து முடியை உருவி, தன் பொம்மையின் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் செல்போனை எடுத்தாள். கண்வலிக்கிழங்கு விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு. விதை விலையும் மருந்தடிப்பும் பேசுகிற இடம். இருநூறு பேர். சென்னியப்பனும் இருக்கிறான்.

தட்டினாள். அழிக்கவில்லை.

"வணக்கமுங்க. சென்னியப்பன் சம்சாரம் எழுதறேன். நான் கண்வலிக்கெழங்குன்னு தெரிஞ்சேதான் தின்னேன். எனக்குத் தெரியாம என் மகளும் ஒரு துண்டு தின்னிருக்கறா. நாலு வயசு. இன்னைக்கு முடி கொட்டுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். உங்க யார் ஊட்டுலயாச்சும் சின்னப் புள்ளைக்கு இப்படி ஆகியிருக்குதா? அந்தப் புள்ளை இப்ப நல்லா இருக்குதா? தெரிஞ்சவங்க தயவு செஞ்சு பதில் போடுங்க."