கிணற்றுச் சுவர்

ஓசூர் நீச்சல் குளத்தில் காலை வெயில் நெளிகிறது. இருபத்தைந்து மீட்டர் பந்தயம், அக்கரையைத் தொட்டால் போதும். விசில் ஊதியதும் குதித்தவர்களில் பத்து வயது பெனிஷாதான் முன்னால் போகிறாள். இது அவளுடைய முதல் போட்டி. அவளுடைய உத்தனப்பள்ளி நீச்சல் கழகத்துக்குக் குளமெல்லாம் கிடையாது. தக்காளித் தோட்டத்துச் சதுரக் கிணறுதான். பதினோரு வருடக் கோப்பைகள் அங்கே பம்ப்செட் அறையில் ஈரவாடையோடு நிற்கின்றன. பாதி தூரத்தில் பெனிஷா சட்டென்று குட்டிக்கரணம் அடித்துத் திரும்புகிறாள். கிணற்றில் சுவர் வருகிற தூரம் அது. உதைத்த கால்களுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கிறது. தலையைத் தூக்கித் திருதிருவென்று விழிக்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. "அய்யோ, இவளுமா!" என்று பயிற்சியாளர் ஜெபராஜ், தொழிற்சாலை ஷிஃப்ட் முடித்து வந்த யூனிஃபார்மோடு, தலையில் கைவைத்துக்கொள்கிறார். பெனிஷா மறுபடி திரும்பி நீந்தி, கடைசி ஆளாகக் கரையைத் தொடுகிறாள். நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர். கழகத்துக்கு முதல் மாநிலப் பதக்கம் வாங்கித் தந்த லாவண்யா குனிந்து அவளை மேலே தூக்குகிறாள். "செவுரு அங்கதானக்கா இருக்கணும்?" "ஆமா கண்ணு. மொத போட்டியில எனக்கும் அங்கதான் இருந்துச்சு." பின்னால் துண்டோடு நிற்கும் கழகத்துப் பிள்ளைகள் ஆறு பேரும், ஒருவர் விடாமல், கையைத் தூக்குகிறார்கள்.