இரண்டாவது டிஸ்க்

குணாளன் வீட்டுப் படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டியில், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த பிரான்சிஸ் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தினார். இனி ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். சரிபார்க்க ஒரு வீடியோவைத் திறந்தார்.

குளியலறைத் தரையில் நிர்வாணமாக உட்கார்ந்து, தன் மலத்தைச் சுவரில் பூசிக்கொண்டிருந்தார் நளாயினியின் மாமனார். படமெடுத்தவனின் சிரிப்பு கேட்டது. அவள் கணவன் குணாளனின் சிரிப்பு. அந்தச் சுவரைத் தினமும் கழுவுகிறவள் அவள். அதற்கெல்லாம் முகம் சுளிக்காதவள், இந்தச் சிரிப்பைக் கேட்டு அறை வாசலிலேயே நின்றாள்.

"இதுதான் சார் முக்கியம்," என்றான் குணாளன். "நான் படுற பாட்டை எங்கண்ணனும் அக்காவும் பாக்கணும்ல? மொத்தம் நாப்பத்திமூணு வீடியோ. போன்ல அழிச்சாச்சு, இதுல மட்டும்தான் இருக்கு."

"ஒரு டிஸ்க் கெட்டா கவலையில்ல சார்," என்றார் பிரான்சிஸ். " ஆனா கை தவறி அழிச்சா ரெண்டுலயும் போயிடும். தனியா ஒரு காப்பி வச்சுக்கங்க."

"அதான் ரெண்டு இருக்கே!" போன் அடிக்க, பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனான்.

பக்கத்து அறையில் மாமனார் இருமினார். நளாயினி மேசையருகே வந்தாள்.

"ஒரு தடவை அழிச்சாப் போதுமாண்ணே?"

பிரான்சிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். மவுஸை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, தரையில் கிடந்த வயரைக் குனிந்து சுற்ற ஆரம்பித்தார்.