எருமையக்காவின் நடை

ஏரிக்கரைச் சேற்றில் எருமையக்கா நடந்தால், ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கித்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். அவள் கால் விழும் இடத்திலெல்லாம் புல்லுக்குள்ளிருந்து வெட்டுக்கிளிகள் துள்ளும். கூடவே நடக்கும் கொக்குக்கு அதுதான் சாப்பாடு.

ஒருநாள் மற்றக் கொக்குகள் அந்த நடையைப் பார்த்துச் சிரித்துவிட்டன. கொக்குக்கு மானமே போய்விட்டது.

“இப்படி ஆடி அசைஞ்சு வந்தா எப்பப் போய்ச் சேர்றது? உன்கூட வர்றதே வெக்கமா இருக்கு!”

 கொக்கு விருட்டென்று பறந்து, அக்கரையில் மேய்ந்த குதிரையிடம் போனது. குதிரையோ நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. துள்ளிய வெட்டுக்கிளியைக் கொத்தக் கொக்கு திரும்புவதற்குள் குதிரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தது. சாயங்காலம், பசித்த வயிற்றோடு கொக்கு திரும்பி வந்தது.

எருமையக்கா கரையோரம் படுத்திருந்தாள். முன்னங்கால் வீங்கியிருந்தது.

“வந்துட்டியா தங்கச்சி? நீ போனதும் உன் பின்னாலயே ஓடி வந்தேன். சேத்துல கால் பிசகிடுச்சு. கொஞ்சம் பொறுத்துக்க, சரியானதும் வேகமா நடக்கிறேன்.”

கொக்கு அந்த வீங்கிய காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. 

சுற்றிலும் பச்சைப் புல் மண்டிக் கிடந்தது. அதற்குள் ஒரு வெட்டுக்கிளிகூட அசையவில்லை.