அடுத்த கட்டை

சர்ச் ஆர்கனுக்குச் சுருதி சேர்க்கும்போது அண்ணன் உள்ளே குழாய்களுக்கு நடுவே நிற்பான். தம்பி வெளியே கட்டைகளை அழுத்துவான். உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டால் அடுத்த கட்டை, இரண்டு தட்டு என்றால் அதே கட்டை மறுபடியும்.

இன்று காலை “உனக்குக் காதே கிடையாதுடா” என்றான் அண்ணன். தம்பி சுத்தியலால் அவன் மண்டையைப் பிளந்தான். படுக்கையாகக் கிடந்த பெரிய மரக்குழாய்க்குள் உடலைத் திணித்து மூடினான்.

அண்ணி சாப்பாடு கொண்டுவந்தாள். “அவரு எங்க தம்பி?”

“உள்ள வேலையா இருக்காரு அண்ணி.”

பேருக்கு ஒரு கட்டையை அழுத்தினான். பிசிறிய சுருதி மெல்லச் சேர்ந்தது. ஒரு தட்டு கேட்டது. அண்ணி பார்த்துக்கொண்டிருக்க, அடுத்ததை அழுத்தினான். அதுவும் சேர்ந்தது.

கடைசியில் அந்த மரக்குழாயின் கட்டை மட்டும் மிச்சம். தம்பி கையை இழுத்துக்கொண்டான்.

“இத விட்டுட்டீங்களே” என்று அண்ணி எட்டி அழுத்தினாள். சத்தமே வரவில்லை. உள்ளே இரண்டு தட்டு கேட்டது.

“மறுபடியும் அழுத்தச் சொல்றாரு” என்றாள் அண்ணி.